டூகோ முதல் பவுடர் கோட்டிங் வரை: சக்கரம் நிறம் மாறிய கதை



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே பேச்சு. பைக் சக்கரத்தைக் கறுப்பிலிருந்து தங்க நிறத்துக்கு மாற்றலாமா, பெயிண்ட் அடிப்பதா, பவுடர் கோட்டிங்கா, எது நிற்கும், எவ்வளவு ஆகும் என்று. நடுவில் ஒருவன், "சார், நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்று என்னை இழுத்துவிட்டான். நான் மெக்கானிக் இல்லை, முப்பத்துமூன்று வருடம் வரலாறு நடத்தியவன். ஆனால் இதற்குள் நல்ல வரலாறு ஒன்று கிடக்கிறது. கூடவே உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இருக்கிறது. பதிவு நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். டூகோ. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். லாரி பட்டறையில் "டூகோ அடிச்சாச்சா?" என்று கேட்பார்கள். என் தாய்மாமா அப்படி ஒரு பட்டறையில் பெயிண்டராக இருந்தார். யார் கேட்டாலும் "டூகோ வேலை" என்றுதான் சொல்வார். ஏதோ ஜப்பான்காரன் வார்த்தை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். அது அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி 1923இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு பெயிண்டின் வியாபாரப் பெயர். நூறு வருடம் கழித்து அந்த நாட்டிலேயே பலருக்கு மறந்துபோன பெயர், நம் ஊர் பட்டறையில் தொழிலின் பெயராகவே வாழ்கிறது.

டூகோவுக்கு முன்னால் வண்டிக்கு நிறம் என்றால் என்ன? வார்னிஷ். குதிரை வண்டிக்குப் பூசிய அதே முறை. ஒரு பூச்சு, காயவிடு, தேய், மறுபடி பூச்சு என்று ஒரு கார் பெயிண்ட் ஆகி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். சைக்கிளுக்கும் ஆரம்பகால மோட்டார் சைக்கிளுக்கும் வேறு வழி இருந்தது. கறுப்பு எனாமலைப் பூசி அடுப்பில் வைத்துச் சுடுவது. சீனா, ஜப்பான் அரக்குப் பாத்திரங்களின் பளபளப்பைப் பார்த்து ஆசைப்பட்ட ஐரோப்பியர்கள், தங்கள் ஊரில் அந்த மரம் இல்லாததால், நிலக்கீல் கலந்த வார்னிஷைத் தகரத்தில் பூசிச் சுட்டுப் பார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு பான்டிபூல் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அந்த வேலைக்கு 'ஜப்பானிங்' என்றே பெயர். ஆக என் மாமா நினைத்ததில் பாதி சரி, சொல் மட்டும்தான் மாறிவிட்டது!

சுட்ட கறுப்பு மலிவு, உறுதி, எண்ணெய்க்கும் சேற்றுக்கும் அசையாது. அதனால்தான் பழைய வண்டிகள் எல்லாம் கறுப்பு. ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. ஃபோர்டுக்கு ரசனை இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். ரசனைக்கு அங்கே வேலையே இல்லை. லட்சக்கணக்கில் வண்டி செய்யும்போது ஒரே நிறம் வைத்தால் வேலை வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

டூகோ இந்தக் கதையை மாற்றியது. அதன் அடிப்படைப் பொருள் நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் நனைத்துச் செய்வது. முதல் உலகப் போரில் டூபான்ட் கம்பெனி மலைமலையாக வெடிமருந்து தயாரித்து விற்றது. அந்தப் புகையில்லா வெடிமருந்தும் இதே குடும்பத்துப் பொருள்தான். போர் முடிந்ததும் தொழிற்சாலை இருக்கிறது, கற்ற வித்தை இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. துப்பாக்கிக்குப் போனது காருக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் டூகோ பூசிக்கொண்டு வந்தது. வாரக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்குக்குக் குறைந்தது. அதற்குப் பிறகுதான் 'உங்களுக்கு என்ன நிறம் வேண்டும்?' என்று வண்டி விற்பவன் கேட்க ஆரம்பித்தான்.

சரி, சக்கரத்துக்கு வருவோம்.

மோட்டார் சைக்கிள் சக்கரம் பளபளக்க ஆரம்பித்ததும் அதே 1920களில்தான். அதுவரை நிக்கல் முலாம். அது கொஞ்ச நாளில் மஞ்சளடித்து மங்கிவிடும், தேய்த்துத் தேய்த்தே கை ஓய்ந்துவிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் என்பவரின் ஆய்வால் குரோமிய முலாம் தொழிற்சாலைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை. நாம் 'குரோம் ரிம்' என்று சொல்வதில் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. அடியில் கனமாக இருப்பது நிக்கல்தான். உழைப்பெல்லாம் நிக்கலுடையது, பேர் குரோமுக்கு. (ஸ்டாஃப் ரூமிலும் இதைப் பார்த்திருக்கிறேன், பேர் வேண்டாம்.)

நிக்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1950இல் கொரியப் போர் தொடங்கியது. ஆயுதத் தொழிற்சாலைகள் நிக்கலை எல்லாம் வாரிக்கொண்டன. பிரிட்டனில் முலாம் பூச நிக்கலுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1951, 52 வாக்கில் வந்த பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் குரோம் ரிம் காணாமல் போய், வெள்ளி நிற பெயிண்ட் அடித்த ரிம் வந்தது. பழைய வண்டி சேகரிப்பவர்கள் இன்றும் அந்த ரிம்மைப் பார்த்துத் தயாரிப்பு வருடத்தை ஊகிப்பதுண்டு. உலகின் இன்னொரு மூலையில் நடந்த சண்டை, பர்மிங்காமில் ஒரு சக்கரத்தின் நிறத்தைத் தீர்மானித்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் கொரியப் போர் நடத்தியபோது இந்த உதாரணம் தெரிந்திருந்தால் பின்பெஞ்சுக்காரர்களும் விழித்திருப்பார்கள்.

நம் ஊரில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது 1955இல். புல்லட் என்றாலே டேங்கில் கையால் இழுத்த கோடும் குரோம் ரிம்மும்தான். அந்தக் கோட்டை ஸ்கேல் வைக்காமல் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுப்பார்கள். ஜாவா, ராஜ்தூத், அப்புறம் 1985இல் வந்த ஆர்எக்ஸ் 100, சிடி 100 எல்லாவற்றுக்கும் கம்பிச் சக்கரம், குரோம் ரிம். சென்னையில் கடற்கரைப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு அந்த ரிம் எவ்வளவு சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த கைகள் இங்கே எத்தனை பேருடையவை?

குரோமுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. முலாம் தொட்டியில் இருப்பது ஆறிணைதிற குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வேலூர் பக்கத்துச் சொந்தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். அது பெரும்பாலும் தோல் தொழிலுக்கான ரசாயனம் செய்த ஆலை, முலாம் பட்டறை அல்ல. ஆனால் உலோகம் அதேதான், நிலத்தடி நீருக்குச் செய்ததும் அதேதான்.

பெயிண்டும் சாது இல்லை. என் மாமா 'ஸ்ப்ரே கன்' பிடித்த காலத்தில் முகமூடி கிடையாது. மூக்கில் ஒரு துண்டு கட்டுவார், அதுவும் மேஸ்திரி திட்டினால்தான். டின்னரில் பாதிக்கு மேல் காற்றில்தான் போகும். அது பெயிண்டை ஓடவைக்கச் சேர்க்கும் கரைப்பான், வேலை முடிந்ததும் ஆவியாகிவிட வேண்டும் என்பதே அதன் கடமை. மாலையில் வீட்டுக்கு வந்தால் தலைவலி, கோபம், சோறு இறங்காது. லாரிக்கு அடிக்கும் அந்தப் பளீர் மஞ்சளில் அந்தக் காலத்தில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறமி இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் மூச்சுக்கு ஏங்கி ஏங்கி இறந்தார். பெயிண்டால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, பீடியும் குடித்தார். ஆனால் அவரோடு வேலை பார்த்த பீடி குடிக்காத இரண்டு பேரும் அதே மாதிரிதான் போனார்கள்.

இங்கேதான் பவுடர் வருகிறது.

ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் நாப்ஸாக் என்ற இடம். நாப்ஸாக் கிரீஸ்ஹைம் கம்பெனியில் எர்வின் கெம்மர் என்ற ஆராய்ச்சியாளர், 1950களின் தொடக்கத்தில் கரைப்பானே இல்லாமல் உலோகத்தின் மேல் பிளாஸ்டிக்கைப் படியவைக்க வழி தேடினார். ஒரு தொட்டியில் பிளாஸ்டிக் தூள். அடியிலிருந்து காற்றை ஊதினால் தூள் தண்ணீர் மாதிரி கொப்பளித்து அலையும். நன்றாகச் சூடாக்கிய உலோகத்தை அதற்குள் முக்கி எடுத்தால் தூள் ஒட்டி உருகிப் படிந்துவிடும். 1953இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அழகுக்காகச் செய்ததல்ல. மின்சாதனங்களுக்குக் காப்பாகவும் துருவுக்குத் தடையாகவும் கனமான பூச்சு தேவைப்பட்டது. சக்கரத்துக்கு இது ஆகாது, பூச்சு ரொம்பத் தடிமன்.

1960களில் இரண்டு காரியம் சேர்ந்தது. ஒன்று, பிரான்சில் சாமெஸ் கம்பெனி நிலைமின்சாரத்தால் தூளைத் தெளிக்கும் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்பில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுத்தீர்களே, அதே சங்கதி. இங்கே 60 முதல் 100 கிலோ வோல்ட். துப்பாக்கியிலிருந்து மின்னேற்றத்தோடு வெளிவரும் தூள், எர்த் கொடுத்துத் தொங்கவிட்ட சக்கரத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் விழுந்ததை வாரி மறுபடி பயன்படுத்தலாம். இரண்டாவது, தூளின் சரக்கே மாறியது. கெம்மரின் பிளாஸ்டிக் நெய் மாதிரி. உருகும், உறையும், சூடு பட்டால் மறுபடி உருகும். புதிதாக வந்த எபாக்ஸி தூள் இட்லி மாவு மாதிரி. ஒருமுறை வெந்துவிட்டால் வெந்ததுதான், மறுபடி மாவாகாது.

ஆனால் நல்ல கண்டுபிடிப்பு என்பதாலேயே தொழிற்சாலைகள் ஏற்றுக்கொண்டன என்று நினைக்காதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கண் எரியும் புகைமூட்டம் வருடக்கணக்கில் மக்களை வாட்டியது. வாகனப் புகையும் கரைப்பான் ஆவியும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனாகிறது என்று ஹாகன் ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். 1966இல் அந்த மாவட்டம் 'விதி 66' என்று ஒன்றைப் போட்டு, தொழிற்சாலைகள் வெளியேற்றும் கரைப்பானுக்கு வரம்பு கட்டியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து கரைப்பான் விலையும் ஏறியது. அப்புறம்தான் பவுடருக்கு மவுசு வந்தது. சட்டமும் விலையும் நெருக்கியபோதுதான் முதலாளிகள் புதிய துப்பாக்கியை வாங்கினார்கள். என் மாமா மாதிரி ஆட்களின் நுரையீரல் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை என்பது என் வருத்தம்.

1970களில் வெயிலைத் தாங்கும் பாலியஸ்டர் தூள் ஐரோப்பாவில் பரவியது. இது உங்களுக்கு முக்கியம். எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுக்கும். எபாக்ஸியும் பாலியஸ்டரும் கலந்த தூள் வீட்டுக்குள் நிற்கும் பீரோவுக்குச் சரி. அதையே சக்கரத்துக்கு அடித்தால் நம் சித்திரை வெயிலில் ரொம்ப நாள் தாங்காது. 'ஹைப்ரிடா, ப்யூர் பாலியஸ்டரா' என்று கடையில் கேளுங்கள்.

அதே 1970களின் நடுவில் வார்ப்பு அலாய் சக்கரமும் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. யமஹாவின் ஆர்டி 400 அப்படி வந்த முதல் சில வண்டிகளில் ஒன்று. நம் நாட்டில் அது சாதாரணமானது 2000க்குப் பிறகுதான். கம்பி போய் அலுமினியம் வந்ததும் குரோமுக்கு அங்கே வேலை போயிற்று, நிறத்துக்கு வேலை வந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். என் தம்பி மகன் போன வருடம் இரண்டு அலாய் சக்கரத்தையும் ஒரு கடையில் கொடுத்து நிறம் மாற்றினான். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாவது வாரம் முன் பிரேக் பிடித்தால் 'டக் டக்' என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் டிஸ்க் போல்ட் ஐந்தும் தளர்ந்திருக்கின்றன. இரண்டைக் கையாலேயே திருகி எடுத்தான்.

கோயம்புத்தூரில் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவனிடம் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "சார், டிஸ்க் உட்காருற இடத்துலயும் தூளை அடிச்சு விட்டுட்டாங்க" என்றான். பூச்சு 60 முதல் 80 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன். போல்ட்டின் இறுக்கத்தில் அது நாளடைவில் நசுங்கும். நசுங்கினால் போல்ட்டின் பிடி போய்விடும். டிஸ்க் உட்காரும் முகம், போல்ட் துளை, பேரிங் உட்காரும் குழி, அச்சு நிற்கும் முகம் எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பும் சிலிகான் அடைப்பானும் வைத்து மூட வேண்டும். பேரிங், சீல், ரப்பர் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்ற வேண்டும். இருபது நிமிடம் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் கிரீஸ் நிற்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர், சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த அலுமினியக் கலவை சில நாள் சும்மா இருந்தாலே தானாக உறுதியாவதைக் கண்டார். உள்ளே நுண்ணிய துகள்கள் உருவாகி உலோகத்தை நெகிழவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. இன்றைய அலாய் சக்கரங்கள் பலவும் இந்த வித்தையில் செய்தவைதான். ஏறக்குறைய 540 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 முதல் 180 டிகிரியில் சில மணி நேரம் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதம்தான் பலம். மறுபடி அதிகமாகச் சூடாக்கினால் துகள்கள் பருத்துப்போகும், பலம் இறங்கும்.

பவுடரை வேகவைக்க 180 முதல் 200 டிகிரியில் 10, 20 நிமிடம். அளவோடு ஒருமுறை செய்தால் பெரிய பாதிப்பு இராது என்கிறான் என் மாணவன். ஆனாலும் பல வாகனக் கம்பெனிகள் சக்கரத்தை மறுபடி சூடாக்குவதைப் பரிந்துரைப்பதில்லை, அதையும் மனதில் வையுங்கள். உண்மையான கொலை நடப்பது பழைய பெயிண்டை எடுக்கும்போது. சிலர் வேலை சுலபம் என்று 400 டிகிரி அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறார்கள். இரும்புக் கேட்டுக்கு அது சரி. அலாய் சக்கரத்துக்கு அது தொழிற்சாலை கொடுத்த பதத்தை அழிப்பது. வெளியே புது நிறத்தில் மின்னும், உள்ளே வலு போயிருக்கும். ஒரு குழியில் விழும் வரை தெரியாது.

பெயிண்டை ரசாயனத்தாலோ மென்மையான மணல் வீச்சாலோ எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும், பூசுவதற்கு முன்னால், வெற்று உலோகமாக இருக்கும்போது நீங்களே போய் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். வார்ப்பில் இருக்கும் நுண்துளைகளில் பழைய எண்ணெயும் காற்றும் தங்கியிருக்கும். ஒருமுறை வெறுமனே சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால் பூச்சில் ஊசிமுனைத் துளைகள் வரும். சக்கரத்தின் கைகள் நடுக்குடத்தோடு சேரும் இடுக்கில் தூள் சரியாகப் போகாது. அதற்குப் பெயர் ஃபாரடே கூண்டு விளைவு. 1836இல் மைக்கேல் ஃபாரடே ஒரு பெரிய கூண்டு கட்டி, அதற்குள்ளே தானே போய் நின்று, வெளியே எவ்வளவு மின்சாரம் பாய்ச்சினாலும் உள்ளே எட்டாது என்று காட்டினார். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்த பையன் அவர். அவருடைய கூண்டு உங்கள் சக்கரத்தின் மூலையிலும் இருக்கிறது. அந்த மூலையைப் பார்த்தாலே பட்டறைக்காரரின் கைத்திறமை தெரிந்துவிடும்.

கம்பிச் சக்கரம் வைத்திருப்பவர்கள் கம்பிகளை முழுவதும் கழற்றாமல் கொடுக்காதீர்கள். பூச்சு மறைக்குள் போனால் மறுபடி கோட்டம் எடுக்க முடியாது.

பவுடர் என்றால் முற்றிலும் நல்ல பிள்ளை என்றும் நான் சொல்லவில்லை. பாலியஸ்டரை இறுகவைக்கச் சேர்த்த டி.ஜி.ஐ.சி. என்ற பொருள் மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்று தெரிந்து, ஐரோப்பாவில் 1990களின் கடைசியில் அதற்கு நச்சு முத்திரை போட்டார்கள். இப்போது மாற்றுப் பொருள் வந்திருக்கிறது. அலுமினியத்தைப் பூச்சுக்குத் தயாராக்க முன்பு குரோமேட் கரைசலில்தான் முக்குவார்கள். குரோமை விரட்டிவிட்டோம் என்று நினைத்தால் அது பூச்சுக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது! அதற்கும் இப்போது குரோமியம் இல்லாத முறை உண்டு, விலை கூடுதல். காற்றில் மிதக்கும் தூள் தீப்பிடித்து வெடிக்கவும் செய்யும். நுரையீரலுக்கும் அது தூசுதான்.

என் மாணவனின் பட்டறையில் தூள் அடிக்கும் பையன்களுக்கு முகமூடி உண்டு. போட்டிருக்கிறார்களா என்று அவனே நாளைக்கு மூன்று தடவை போய்ப் பார்ப்பான். நான் போயிருந்தபோது ஒருவன் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான், என்னைப் பார்த்ததும் மூக்குக்கு ஏற்றிக்கொண்டான். தம்பி மகனின் சக்கரத்தை அங்கேதான் மறுபடி சுத்தம் செய்து, விரிசல் பார்த்து, மூட வேண்டியதை மூடிப் பூசினார்கள். டிஸ்க் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச் வைத்து இறுக்கினான். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை சரிபார்த்தான். இதுவரை அசையவில்லை.

தங்க நிறம் நன்றாக இருக்குமா என்று கேட்டவனுக்கு: உன் வண்டி, உன் இஷ்டம். எனக்குக் கறுப்புதான் பிடிக்கும், அழுக்கு தெரியாது.

உங்களில் யாருடைய அப்பாவோ தாத்தாவோ பட்டறையில் டூகோ வேலை பார்த்திருந்தால், அப்போது என்ன பெயிண்ட், என்ன கூலி, மூக்குக்கு என்ன கட்டினார்கள் என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். சேர்த்து வைக்கிறேன்.